பகுதிநேர வேர்ஹவுஸ் வேலை: மணித்தியால உத்தரவாதமும் இடைவேளையும்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், ஸ்காபரோவில் ஒரு மளிகைப் பொருள் விநியோக வேர்ஹவுஸில் பகுதிநேரமாக வேலை செய்கிறீர்கள். சேரும்போது வாரத்துக்கு 24 மணித்தியாலம் கிடைக்கும் என்று சொன்னவர்கள் இப்போது 12, 13 தான் தருகிறார்கள். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பஸ்ஸில் பயணம் செய்து போன ஒரு நாள், இரண்டு மணித்தியாலத்தில் 'இன்றைக்கு வேலை முடிந்துவிட்டது' என்று அனுப்பி, அந்த இரண்டுக்கு மட்டும் சம்பளம் போட்டிருக்கிறார்கள். நாலரை மணித்தியால ஷிப்டில் ஒரு தேநீர் இடைவேளைகூட இல்லை. கேட்டால் 'பகுதிநேரக்காரருக்கு பிரேக் கிடையாது' என்கிறார் சூப்பர்வைசர். வேலையிடத்தில் சங்கத்தின் பிரதிநிதியான ஸ்டூவர்டிடம் போனால் 'இங்கே எல்லாம் அப்படித்தான்' என்கிறார். தொழில் அமைச்சிடம் நேரடியாக முறையிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒவ்வொரு சம்பளத்திலும் சங்கச் சந்தா கழிக்கப்படுகிறதே, அதற்கு ஈடாக எனக்கு எது உறுதி என்பதே உங்கள் கேள்வியின் அடிநாதம் என்று எனக்குப் படுகிறது. நியாயமான கேள்வி.

நான் வழக்கறிஞர் அல்ல. ஒன்ராறியோவில் இதே போன்ற ஒரு வேர்ஹவுஸில் பல ஆண்டுகள் ஸ்டூவர்டாக இருந்தேன். பிறகு சங்கத்தில் முறைப்பாடுகளைக் கவனிக்கும் பொறுப்பில் இருந்தேன். கீழே 'சட்டம்' என்று நான் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளுங்கள். 'ஒப்பந்தம்' என்று சொல்வது இந்தத் துறையில் வழக்கமாகக் காணப்படுவது. உங்கள் கூட்டு ஒப்பந்தத்தில், அதாவது சங்கமும் முதலாளியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், அதே வரி வேறு விதமாக இருக்கலாம். அதைப் படிக்காமல் யார் தீர்ப்புச் சொன்னாலும், நான் சொன்னாலும்கூட, நம்பாதீர்கள்.

முதலில் கசப்பான செய்தி. வாரத்துக்கு இத்தனை மணித்தியாலம் வேலை தர வேண்டும் என்று ஒன்ராறியோவின் வேலைவாய்ப்பு நியமங்கள் சட்டம் எந்த முதலாளியையும் கட்டாயப்படுத்தவில்லை. முழுநேரக்காரருக்கும் இல்லை, பகுதிநேரக்காரருக்கும் இல்லை. 2025 ஜூலை 1 முதல், 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் புதிதாகச் சேர்பவருக்கு, தொடக்கத்தில் எதிர்பார்க்கப்படும் வேலை நேரம் பற்றிய விவரத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. அதுவும் எதிர்பார்ப்பைத் தெரிவிப்பதுதான், உத்தரவாதம் அல்ல. சேரும்போது வாயால் சொன்ன 24 மணித்தியாலத்தின் நிலை இன்னும் பலவீனமானது. சங்கம் உள்ள இடத்தில் கூட்டு ஒப்பந்தமே மேலோங்கும். முதலாளியும் தனி ஊழியரும் அதற்கு வெளியே செய்துகொண்ட பேச்சு பெரும்பாலும் செல்லாது.

அந்த 24 என்ற எண் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள். ஒன்ராறியோ தொழில் உறவுகள் சபை, ஒரு சங்கம் யார் யாருக்காகப் பேசும் என்று வரையறுக்கும்போது, வாரத்துக்கு வழக்கமாக 24 மணித்தியாலத்துக்கு மேற்படாமல் வேலை செய்பவர்களைத் தனிப் பிரிவாகப் பார்ப்பது நீண்ட கால வழக்கம். அதனால் பல ஒப்பந்தங்களில் 'பகுதிநேர ஊழியர் என்றால் 24 மணித்தியாலம் வரை' என்ற வரையறை நுழைந்தது. அது கூரை, தரை அல்ல. ஆள் சேர்க்கும் அதிகாரி '24 வரை' என்று சொல்லும்போது வருபவர் காதில் '24' மட்டும் விழுகிறது.

ஆகவே உத்தரவாதம் இருந்தால் அது ஒப்பந்தத்தில்தான் இருக்கும். வேலை நேரம் பற்றிய பிரிவைத் திறந்து, பகுதிநேர ஊழியர் பற்றிய துணைப்பிரிவை அல்லது பின்னிணைப்பை எடுங்கள். பெரும்பாலான ஒப்பந்தங்களில் அந்தப் பிரிவின் முதல் வரியே இந்தப் பொருளில் இருக்கும்: 'கீழ்க்காண்பவை வழக்கமான வேலை நேரத்தை வரையறுப்பதற்காக மட்டுமே, நாளுக்கோ வாரத்துக்கோ வேலை நேர உத்தரவாதமாகக் கொள்ளப்படக்கூடாது.' இந்த வரி இருந்தால், கீழே 'வழக்கமான ஷிப்ட் நாலரை மணித்தியாலம்' என்று எழுதியிருந்தாலும் அதைக் காட்டி மட்டும் வெல்ல முடியாது. ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். சில பக்கங்கள் தள்ளி, 'வேலைக்கு அழைக்கப்படும் பகுதிநேர ஊழியருக்குக் குறைந்தது நான்கு மணித்தியாலம் வேலை அல்லது அதற்கான சம்பளம்' என்ற வரி இருக்கலாம். பொதுவான வரியைவிடக் குறிப்பான வரிக்கே, ஒப்பந்தத் தகராறுகளைத் தீர்க்கும் நடுவர்கள் கூடுதல் எடை கொடுப்பது வழக்கம். வார உத்தரவாதம் இருக்கும் இடங்களில் அதற்கு நிபந்தனைகளும் ஒட்டிக்கொண்டிருக்கும்: எந்தெந்த நாள் வர முடியும் என்று நீங்கள் எழுதிக் கொடுத்த படிவம், அந்த வாரத்தில் நீங்கள் மறுத்த ஷிப்ட், பொது விடுமுறை வந்த வாரம். உங்கள் படிவத்தில் இரண்டு நாள் மட்டும் குறித்திருந்தால் 24 கேட்க வழியில்லை.

எண்ணிக்கைக்கு உத்தரவாதம் இல்லாத ஒப்பந்தங்களில்கூட ஒரு பலம் பெரும்பாலும் இருக்கும்: கிடைக்கும் மணித்தியாலங்களைப் பணிமூப்புப்படி பங்கிட வேண்டும் என்ற விதி. நான் பார்த்தவரை பகுதிநேரக்காரர் வென்ற முறைப்பாடுகளில் கணிசமானவை இந்த வகைதான். உங்களுக்கு 12 போட்ட அதே வாரத்தில், உங்களுக்குப் பிறகு சேர்ந்த ஒருவருக்கு 20 போட்டிருந்தால், அது வெறும் மனக்குறை அல்ல, ஒப்பந்த மீறல். இழந்த மணித்தியாலங்களுக்கான சம்பளத்தைக் கேட்கலாம். அதே போல, ஏஜென்சி மூலம் வருபவர்கள் நிரம்பிய தளத்தில் உங்களுக்கு ஷிப்ட் குறைகிறது என்றால், ஏஜென்சி ஆட்களை எப்போது கூப்பிடலாம் என்று ஒப்பந்தம் கட்டுப்படுத்துகிறதா என்று பாருங்கள். அந்த ஆட்களில் நம்மவர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் மேல் கோபப்படுவதில் அர்த்தமில்லை. அட்டவணை போடுபவர் அவர்கள் அல்லர்.

இரண்டு மணித்தியாலத்தில் திருப்பி அனுப்பிய விஷயத்தில் சட்டம் உங்கள் பக்கம் தெளிவாக நிற்கிறது. ஒரு நாளுக்கு வழக்கமாக மூன்று மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்பவரை வேலைக்கு வரச் சொல்லி, அவர் தொடர்ந்து வேலை செய்யத் தயாராக இருந்தும் மூன்றுக்குக் குறைவாகவே வேலை கொடுத்தால், மூன்று மணித்தியாலச் சம்பளம் தர வேண்டும். உதாரணத்துக்கு மணித்தியாலத்துக்கு 20 டொலர் என்றால் உங்களுக்கு 40 அல்ல, 60 வர வேண்டும். நாலரை மணித்தியாலத்துக்கும் கேட்க முடியுமா என்றால், சட்டப்படி முடியாது. ஒப்பந்தத்தில் கூடுதலாக இருந்தால் முடியும். விதிவிலக்கு, தீ, மின்னல், மின்தடை, புயல் போன்று முதலாளியின் கையை மீறிய காரணங்கள். லொறி தாமதமாக வந்ததும் ஆர்டர் குறைந்ததும் அந்தப் பட்டியலில் இல்லை. அது வியாபாரத்தின் சாதாரண ஏற்ற இறக்கம்.

இங்கே ஒரு காகிதத்தைப் பற்றி எச்சரிக்க வேண்டும். வேலை குறைந்த நாளில் நேரப் பதிவுப் பொறிக்குப் பக்கத்தில் கிளிப் போட்ட அட்டையில் ஒரு தாள் தொங்கும். மேலே திகதி, கீழே பெயர், ஊழியர் எண், கையொப்பம் என்று மூன்று பத்தி. தலைப்பில், விருப்பத்தின் பேரில் முன்னதாகப் புறப்படுகிறேன் என்று ஒரு வரி. சூப்பர்வைசர் பேனாவையும் சேர்த்து நீட்டுவார். வரிசையில் முன்னால் நின்றவர் போட்டார் என்று நீங்களும் போட்டால், 'தொடர்ந்து வேலை செய்யத் தயாராக இருந்தேன்' என்ற உங்கள் வாதம் அந்த இடத்திலேயே போய்விடுகிறது. மூன்று மணித்தியாலச் சம்பளமும் அதனுடன் போகிறது. உண்மையிலேயே வீட்டுக்குப் போக விருப்பம் என்றால் போடுங்கள். இல்லையென்றால், 'நான் வேலை செய்யத் தயாராக இருக்கிறேன், நீங்கள் அனுப்பினால் போகிறேன்' என்று மரியாதையாகச் சொல்லி, கையெழுத்துப் போடாமல் புறப்படுங்கள். அன்று என்ன செய்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. உங்கள் 20 டொலர் அதில்தான் தங்கியிருக்கிறது.

96 மணித்தியாலத்துக்கு முன் அட்டவணை தர வேண்டுமாமே என்று ஒரு நண்பர் சொன்னதாகவும் எழுதியிருந்தீர்கள். அவர் கற்பனையாகச் சொல்லவில்லை. 2017 இல் ஒன்ராறியோ சட்டமன்றம் நிறைவேற்றிய 148 ஆம் இலக்கச் சட்டத்தில், 96 மணித்தியாலத்துக்குள் அறிவித்த ஷிப்டை மறுக்கும் உரிமையும், 48 மணித்தியாலத்துக்குள் ரத்துச் செய்தால் மூன்று மணித்தியாலச் சம்பளமும் இருந்தன. 2019 ஜனவரி 1 அன்று அவை நடைமுறைக்கு வர வேண்டியவை. அதற்குள் ஆட்சி மாறி, 2018 நவம்பரில் 47 ஆம் இலக்கச் சட்டத்தால் அவை நீக்கப்பட்டன. பகுதிநேரக்காரருக்கும் முழுநேரக்காரருக்கும் ஒரே வேலைக்கு ஒரே சம்பளம் என்ற விதி 2018 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்து, சில மாதங்களே வாழ்ந்து, அதே அடியில் போனது. பகுதிநேரத் தொழிலாளருக்கு இந்த மாகாணத்தில் நடந்த பெரிய அநியாயங்களில் ஒன்றாக அதை நான் இன்றைக்கும் கருதுகிறேன். ஆனால் மத்திய அரசின் கனேடியத் தொழில் சட்டத்தில் 96 மணித்தியால விதி 2019 செப்டம்பர் 1 முதல் இருக்கிறது. கூட்டு ஒப்பந்தம் வேறு கால அளவை வைத்துக்கொள்ள அதில் இடமும் உண்டு. மாகாண எல்லை தாண்டிச் சரக்கு ஏற்றும் லொறி நிறுவனங்கள், கூரியர் நிறுவனங்கள் ஆகியவற்றின் கிடங்குகள் பொதுவாக அந்தச் சட்டத்தின் கீழ் வருபவை. மளிகைக் கடைத் தொடரின் சொந்த வேர்ஹவுஸ் பொதுவாக மாகாணச் சட்டத்தின் கீழ் வரும். உங்களுடையது இரண்டாவது வகை என்று வைத்துத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். வெளி நிறுவனம் ஒன்று நடத்தும் கிடங்கு என்றால் அதை முதலில் சங்கத்திடம் கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

இடைவேளைக்கு வருவோம். சட்டம் சொல்வது ஒன்றுதான்: உணவு இடைவேளை இல்லாமல் தொடர்ந்து ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் யாரையும் வேலை வாங்கக்கூடாது, அந்த இடைவேளை குறைந்தது 30 நிமிடம். முதலாளியும் ஊழியரும் ஒத்துக்கொண்டால் அதை இரண்டாகப் பிரிக்கலாம். சம்பளம் தர வேண்டியதில்லை. தேநீர் இடைவேளை என்று சட்டத்தில் எதுவுமே இல்லை. ஆகவே உங்கள் நாலரை மணித்தியாலத்துக்குச் சட்டம் மட்டும் பார்த்தால் பூச்சியம். சூப்பர்வைசர் சொன்ன காரணம் தவறு. இதில் பகுதிநேரம், முழுநேரம் என்ற பிரிவே கிடையாது. ஆனால் ஷிப்டின் நீளத்தால் விளைவு அவர் சொன்னபடி ஆகிவிடுகிறது. அதே சமயம், லொறி ஒன்று மிச்சம் இருக்கிறது என்று உங்களை ஐந்தே கால் மணித்தியாலம் வரை நிறுத்தி வைத்தால், அப்போது 30 நிமிடம் தந்திருக்க வேண்டும். பகுதிநேரக்காரரின் ஷிப்ட் நீளும் நாட்களில் இதை யாரும் நினைப்பதே இல்லை.

சட்டம் விட்ட இடத்தைத்தான் ஒப்பந்தங்கள் நிரப்புகின்றன. நான்கு மணித்தியாலத்துக்குக் குறையாத ஷிப்டுக்குச் சம்பளத்துடன் 15 நிமிடம் என்பது இந்தத் துறை ஒப்பந்தங்களில் பரவலாக இருக்கும் விதி. உங்களுடையதிலும் இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். இருந்தால், 'இங்கே வழக்கமில்லை' என்பது பதிலாகாது. இன்னொன்றும் சட்டத்தில் உண்டு: உணவு இடைவேளை தவிர்ந்த மற்ற ஓய்வு நேரத்தில் வேலையிடத்தை விட்டுப் போகக்கூடாது என்று வைத்திருந்தால், அந்த நேரம் வேலை நேரமாகவே கணக்கிடப்படும். தேநீருக்கு 10 நிமிடம் கொடுத்து, வாசலைத் தாண்டவும் கூடாது, சம்பளமும் இல்லை என்று இரண்டையும் ஒன்றாகச் செய்ய முடியாது.

அந்த 15 நிமிடம் எங்கிருந்து எண்ணப்படுகிறது என்பதில் நிச்சயமான பதில் இல்லை. பெரிய வேர்ஹவுஸில் கடைசி வரிசையில் இருந்து சாப்பாட்டு அறைக்கு நடந்து போய் வருவதிலேயே பாதி நேரம் கரைந்துவிடும். நடக்கும் நேரம் இடைவேளைக்குள் அடக்கமா இல்லையா என்பது ஒப்பந்த வாசகத்தையும், அந்த இடத்தில் நீண்ட காலமாக நடந்துவரும் முறையையும் பொறுத்தது. நடுவர்கள் இரு பக்கமும் தீர்ப்புச் சொல்லக்கூடிய விஷயம். கழிப்பறைக்குப் போவது இடைவேளை அல்ல. அதைப் பிரேக்கில் கழிப்பதாகச் சொன்னால் உடனே எழுதி வையுங்கள். குளிரறையில் வேலை என்றால் உடலைச் சூடாக்கும் இடைவேளை பாதுகாப்புப் பிரச்சினை. அது கூட்டுச் சுகாதார, பாதுகாப்புக் குழுவிடம் போக வேண்டும். நீரிழிவு, கர்ப்பம், மூட்டு வலி போன்ற காரணத்தால் உங்களுக்கு இடைவேளை தேவை என்றால் கதையே வேறு: ஒன்ராறியோ மனித உரிமைச் சட்டக்கோவைப்படி முதலாளி இடம் கொடுத்தாக வேண்டும், அளவுக்கு மீறிய சிரமம் என்று நிரூபித்தாலொழிய. அதில் சங்கத்துக்கும் கடமை உண்டு என்று கனடா உச்ச நீதிமன்றம் 1992 இல் ரெனோ வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது.

அடுத்து, எங்கே முறையிடுவது. இதைத்தான் நம்மவர்கள் அதிகம் தவறவிடுகிறார்கள். சங்கம் இல்லாத இடத்தில் வேலை செய்பவர் தொழில் அமைச்சிடம் நேரடியாக முறையிடலாம். இரண்டு ஆண்டுவரை அவகாசம். சங்கம் உள்ள இடத்தில், வேலைவாய்ப்பு நியமங்கள் சட்டத்தின் 99 ஆவது பிரிவு அந்தக் கதவைப் பெரும்பாலும் மூடிவிடுகிறது. அந்தச் சட்டமே உங்கள் கூட்டு ஒப்பந்தத்தின் பகுதி போலக் கருதப்படும். மூன்று மணித்தியாலச் சம்பளமானாலும் 30 நிமிட இடைவேளையானாலும், சங்கத்தின் முறைப்பாடு வழியாகவே நடுவரிடம் போக வேண்டும். அமைச்சு விதிவிலக்காக அனுமதிக்க இடமிருக்கிறது, ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள். ஒப்பந்தம் தரும் அவகாசமோ ஆண்டுகளில் இல்லை. ஐந்து, ஏழு, பத்து வேலை நாட்கள் என்ற அளவில்தான் இருக்கும். அமைச்சுக்கு எழுதி, அவர்கள் சில வாரம் கழித்து 'உங்களுக்குச் சங்கம் இருக்கிறது' என்று திருப்பி அனுப்பும்போது காலம் கடந்திருக்கும். நியாயமான காரணம் இருந்து, மறுதரப்புக்குப் பெரிய பாதிப்பு இல்லையென்றால் நடுவர் அவகாசத்தை நீட்டலாம் என்று தொழில் உறவுகள் சட்டத்தின் 48 ஆவது பிரிவு சொல்கிறது. ஒவ்வொரு ஷிப்டிலும் தொடரும் மீறலை ஒவ்வொரு முறையும் புதிய மீறலாகப் பார்ப்பதும் உண்டு. திருப்பி அனுப்பிய அந்த ஒரு நாளுக்கு இரண்டாவது வாதம் உதவாது. ஆகவே அதை முதலில் கொடுங்கள், இந்த வாரமே.

ஸ்டூவர்டிடம் மறுபடி போகும்போது பேச்சாகப் போகாதீர்கள், எழுத்தாகப் போங்கள். திகதி, வேலை தொடங்கிய நேரம், அனுப்பிய நேரம், அனுப்பியவர் பெயர், அவர் சொன்ன வார்த்தை, சம்பளச் சீட்டில் விழுந்த மணித்தியாலம், நீங்கள் கேட்கும் பரிகாரம். கோபத்தை அதில் எழுத வேண்டாம். ஒட்டியிருக்கும் அட்டவணையை ஒவ்வொரு வாரமும் பார்த்து, யார் யாருக்கு எத்தனை என்று குறித்துவையுங்கள். பணிமூப்பு முறைப்பாட்டுக்கு அதைவிடச் சான்று தேவையில்லை. ஒப்பந்தத்தின் பிரதி கையில் இல்லையென்றால் சங்க அலுவலகத்தில் கேளுங்கள்; கூட்டு ஒப்பந்தங்களை மாகாண அமைச்சிடம் பதிவு செய்தாக வேண்டும் என்பதால் அவர்களிடமும் கேட்டுப் பெறலாம். இடைவேளை தரவில்லை என்பதற்காக நீங்களாகவே வேலையை விட்டுப் போய் உட்காராதீர்கள். 'முதலில் சொன்ன வேலையைச் செய், பிறகு முறையிடு' என்பது இங்கே நடுவர்கள் கறாராகப் பிடிக்கும் கொள்கை. பாதுகாப்பற்ற வேலையை மறுப்பது போன்ற சில விதிவிலக்குகளே உண்டு. உங்கள் பக்கம் நியாயம் இருந்தும் தண்டனை உங்கள் கோப்பில் ஏறிவிடும்.

ஸ்டூவர்ட் மறுபடியும் 'அப்படித்தான்' என்றால், அவரைத் தாண்டித் தலைமை ஸ்டூவர்டிடமும் சங்கத்தின் உள்ளூர்க் கிளை அலுவலகத்திடமும் மின்னஞ்சலில் கேளுங்கள். கடைசித் திகதியையும் குறிப்பிடுங்கள். அவரையும் ஒரேயடியாகக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பெரும்பாலான ஸ்டூவர்டுகள் முழுநேர வேலை செய்துகொண்டே இதைப் பார்ப்பவர்கள். பகுதிநேரப் பின்னிணைப்பைப் படிக்காதவர்களும் அவர்களில் உண்டு. ஆனால் சங்கத்துக்குச் சட்டக் கடமை இருக்கிறது. தொழில் உறவுகள் சட்டத்தின் 74 ஆவது பிரிவுப்படி, எந்த ஊழியர் விஷயத்திலும் தான்தோன்றித்தனமாகவோ, பாரபட்சமாகவோ, தீய எண்ணத்துடனோ நடக்கக்கூடாது. அதற்காக ஒவ்வொரு முறைப்பாட்டையும் நடுவர் வரை கொண்டுபோக வேண்டும் என்பதில்லை. விசாரித்து, யோசித்து, வெல்ல வாய்ப்பில்லை என்று விட்டுவிடச் சங்கத்துக்கு உரிமை உண்டு. வாங்கிப் பார்க்காமலே தள்ளுவதற்குத்தான் உரிமை இல்லை. தொழில் உறவுகள் சபையில் இந்தப் பிரிவின் கீழ் போடப்படும் மனுக்களில் மிகச் சிலவே வெல்கின்றன. அதைக் கடைசி வழியாகவே வைத்திருங்கள். ஆனால் எழுத்தில் கொடுத்ததை எழுத்தில் மறுக்க வேண்டி வந்தால் பெரும்பாலான சங்க அலுவலகங்கள் ஒரு முறை ஒப்பந்தத்தைத் திறந்து பார்க்கும்.

ஒப்பந்தத்தில் உண்மையிலேயே மணித்தியால உத்தரவாதமும் இடைவேளையும் இல்லை என்று தெரியவந்தால், எந்த முறைப்பாடும் அதை உருவாக்காது. பேச்சுவார்த்தை மேசையில்தான் அது பிறக்கும். முதல் பக்கத்தில் ஒப்பந்தம் முடியும் திகதி இருக்கும். அதற்கு முந்திய 90 நாட்களுக்குள் பேச்சுவார்த்தைக்கான அறிவித்தல் கொடுக்கப்படும். கோரிக்கைகளைச் சேகரிக்கும் கூட்டமோ படிவமோ அதையொட்டியோ அதற்கு முன்னரோ வரும். பகுதிநேரக்காரர் அந்தக் கூட்டங்களுக்கு வருவது குறைவு, ஷிப்ட் நேரமும் இடம் கொடுக்காது. அதனால் முழுநேரக்காரரின் ஓய்வூதியம் முதலில் பேசப்பட்டு, உங்கள் 15 நிமிடம் கடைசி இரவில் விட்டுக்கொடுக்கப்படுகிறது. நாலைந்து பகுதிநேரக்காரர் பெயர் போட்டு, 'அழைத்தால் குறைந்தது நான்கு மணித்தியாலம், நான்கு மணித்தியால ஷிப்டுக்குச் சம்பளத்துடன் 15 நிமிடம், மணித்தியாலங்கள் பணிமூப்புப்படி' என்று மூன்றே வரியில் எழுதிக் கொடுங்கள். ஒப்பந்தத்தை ஏற்பதா என்ற வாக்கெடுப்பில் வாக்களிக்கும் உரிமை, அந்த ஒப்பந்தத்தின் கீழ் வரும் பிரிவில் உள்ள எல்லா ஊழியருக்கும் உண்டு, சங்க உறுப்பினர் அட்டை வாங்காதவருக்கும்கூட. உங்கள் பிரிவில் பகுதிநேரக்காரர் எத்தனை பேர், முழுநேரக்காரர் எத்தனை பேர் என்று இப்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.